இரண்டு ஏக்கர் தேயிலையிலிருந்து சொந்தப் பெயரில் டீ: எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான்: கோத்தகிரிப் பக்கம் மூன்று தலைமுறையாக இரண்டு ஏக்கர் தேயிலை. கொழுந்து முழுவதும் ஏஜென்ட் வழியாக ஃபேக்டரிக்குப் போகிறது. குடும்பமாகச் சேர்ந்து சொந்தப் பெயரில் ஸ்பெஷாலிட்டி டீ, அதாவது கொஞ்சமாக, தரமாகச் செய்து நல்ல விலைக்கு விற்கும் டீ, செய்து விற்க வேண்டும். எந்த மெஷின் வாங்குவது?

மெஷினைப் பற்றிக் கடைசியில் பேசலாம். முதல் வருடத்துக்கு ஃபேன் உள்ள ஒரு பேக்கரி ஓவன், கிராம் கணக்கில் காட்டும் தராசு, வாட்டுவதற்கு மூங்கில் தட்டுகள், ஒரு தெர்மாமீட்டர், ஈரப்பதம் காட்டும் ஒரு மீட்டர் போதும். ஃபேக்டரிக்கு இலை போடுவதையும் நிறுத்த வேண்டாம். இரண்டு ஏக்கரில் 25 சென்ட் மட்டும் பிரித்து எடுங்கள். மீதி வழக்கம்போல் போகட்டும், வீட்டுச் செலவை அது பார்த்துக்கொள்ளும்.

ஏன் இப்படி என்றால், மெஷினில் நீங்கள் ஃபேக்டரியை ஒருநாளும் மிஞ்ச முடியாது. அவர்களால் முடியாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. நூறு வீட்டு இலை ஒரே டிராஃபில் (இலை வாட்டும் நீளத் தொட்டியில்) கொட்டப்படும் இடத்தில், எந்தச் செடியின் இலை எத்தனை மணிக்குப் பறித்தது என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இந்தத் தொழிலில் குடும்பத்தின் பலம் அது மட்டும்தான். கீழே சொல்வதெல்லாம் அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கும் வழி.

முதலில் செடி. எந்த 25 சென்ட் என்பதை வசதி பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். தாத்தா காலத்துச் சீட்லிங் செடிகள் (விதையிலிருந்து வளர்ந்தவை) ஒரு மூலையில் நின்றால் அதிலிருந்து தொடங்குங்கள். விளைச்சல் குறைவுதான், ஆனால் சிறிய இலை கொண்ட சைனா வகைக் கலப்புள்ள பழைய செடிகளில் வாசனை நன்றாக வரும். குளோன்களில் (ஒரே தாய்ச் செடியின் குச்சியிலிருந்து வளர்த்த ரகங்களில்) சி.ஆர் 6017 வாசனைக்குப் பெயர் போனது. யு.பாஸி 9 வறட்சி தாங்கும். எது இருந்தாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பறித்து, தனித்தனியாகச் செய்து குடித்துப் பாருங்கள். கலந்துவிட்டால் எது நன்றாக வந்தது என்று கடைசிவரை தெரியாது. யூரியாவை அள்ளிப் போட்டுத் தளதளவென்று வளர்த்த கொழுந்து எடைக்கு நல்லது, வாசனைக்கு ஆகாது. இந்தப் பகுதிக்கு உரத்தைக் குறைத்து, மண் பரிசோதனை பார்த்துப் போடுங்கள். மண்ணின் பி.ஹெச் (புளிப்புத் தன்மையைக் காட்டும் அளவு) 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். குன்னூரில் உள்ள யு.பாஸி (தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கம்) வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

கத்தரி போட்டு எடுத்த இலை இதற்கு ஆகாது. கத்தரியில் கரட்டிலை (முற்றிய இலை), பாதி அறுந்த இலை, குச்சி எல்லாம் சேர்ந்து வரும். அறுந்த ஓரம் தட்டில் போடும் முன்பே சிவந்துவிடும். பல வருடம் கத்தரி போட்ட செடியின் மேல்மட்டத்தில் கையால் எடுக்கத் தொடங்கினால் முதல் இரண்டு மூன்று சுற்று நல்ல கொழுந்து கிடைக்காது, பொறுக்க வேண்டும். நன்றாகத் துளிர்க்கும் காலத்தில் ஏழு நாளைக்கு ஒரு சுற்று, குளிரில் 12 முதல் 15 நாளைக்கு ஒரு சுற்று. இரண்டு இலை ஒரு மொட்டு, அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். கையில் இறுக்கிப் பிடித்துச் சேர்க்காமல் உடனுக்குடன் கூடையில் போட வேண்டும். நைலான் சாக்கில் அமுக்கிக் கொண்டுவந்தால் உள்ளே சூடேறி இலை வெந்துவிடும். சாக்கின் நடுவில் கை விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரிந்தால் அந்த இலையை ஃபேக்டரிக்கு அனுப்பிவிடுங்கள். பறித்த இரண்டு மணி நேரத்துக்குள் வாட்டும் தட்டில் இருக்க வேண்டும். விடிந்ததும் பறிக்கப் போவது நல்லதுதான், ஆனால் காட்டெருமை நின்ற தோட்டத்தில் வெளிச்சம் நன்றாக வந்த பிறகே இறங்குங்கள். கொழுந்து எங்கும் ஓடிப்போகாது.

பக்கத்து நிலத்தையும் பார்க்க வேண்டும். கேரட்டுக்கும் உருளைக்கும் அடிக்கிற மருந்து காற்றில் உங்கள் செடிக்கு வரும். ஓரத்து நாலைந்து வரிசையை ஃபேக்டரி இலையாகவே விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் கொப்புள நோய், வெயிலில் சிவப்புச் சிலந்தி, இவற்றோடு தேயிலைக் கொசு. இவற்றுக்கு எதை அடித்தாலும் தேயிலை வாரியத்தின் பயிர் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள மருந்தாக இருக்க வேண்டும். அடித்த தேதியைச் சுவரில் எழுதி, மருந்தடித்த பின் பறிக்காமல் விட வேண்டிய இடைவெளி முடியும்வரை அந்தப் பகுதி இலையைத் தொடாதீர்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இது இன்னும் முக்கியம். டீயில் மருந்து எவ்வளவு மிஞ்சலாம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி வரம்பு சொல்லப்படாத மருந்துக்குப் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான்.

எப்போது செய்வது? வருடம் முழுவதும் அல்ல. நீலகிரியில் டிசம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல வாசனைக் காலம். பகலில் வெயில், இரவில் கடுங்குளிர், காற்றில் ஈரம் குறைவு, கொழுந்து மெல்ல வளரும். இந்தக் காலத்து டீயை ஃப்ராஸ்ட் டீ என்று விற்கிறார்கள். பெயரைக் கேட்டு, உறைபனி பட்ட இலையில் செய்வது என்று சிலர் நினைக்கிறார்கள். பனி கருக்கிய இலை கருக்கிய இலைதான், அதில் டீ வராது. பள்ளத்தில் உள்ள செடிகள் கருகும், மேட்டில் நிற்பவை தப்பிக்கும். மேட்டுக் கொழுந்தை எடுங்கள். மழை மாதங்களில் இலை நிறைய வரும், நீர்ச்சத்தும் அதிகம், வாட்டுவதும் கஷ்டம். அந்த மாதங்களில் எல்லாவற்றையும் ஃபேக்டரிக்கே போடுவது புத்திசாலித்தனம்.

எந்த வகை? பலரும் முதல் மாதத்திலேயே கிரீன் டீ, ஒயிட் டீ, ஊலாங், மசாலா டீ என்று எட்டுப் பாக்கெட் போட்டுவிடுகிறார்கள். எட்டும் சுமாராக இருக்கும். ஆர்த்தடாக்ஸ் பிளாக் டீ (இலையைப் பொடியாக்காமல் சுருட்டிச் செய்வது) ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பற்றிக் கீழே கொஞ்சம் சொல்கிறேன்.

வாட்டுதல்தான் இதில் பாதி வேலை. பச்சைக் கொழுந்தில் 75 முதல் 80 சதவீதம் தண்ணீர். 10 கிலோ கொழுந்தில் 78 சதவீதம் தண்ணீர் என்றால் தண்ணீர் போக உள்ளே இருக்கும் சரக்கு 2.2 கிலோ. அதை 60 சதவீத ஈரத்துக்கு வாட்டினால் எடை 5.5 கிலோவுக்கு வரும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் ஊகம் வேண்டாம். ஒரு தட்டில் சரியாக ஒரு கிலோவைப் போட்டு அடையாளம் வைத்து, அதை மட்டும் எடை போட்டுப் பாருங்கள். 550 முதல் 600 கிராமுக்குள் வந்தால் சுருட்டலாம். தட்டில் சதுர மீட்டருக்கு அரை கிலோ முதல் முக்கால் கிலோ வரை பரப்ப வேண்டும், அதற்கு மேல் போனால் அடியில் இருப்பது வாடாது. 14 முதல் 18 மணி நேரம் ஆகும். மாலை நான்கு மணிக்குப் பரப்பினால் மறுநாள் காலை சுருட்டலாம். கைக்கும் அடையாளம் உண்டு: காம்பு ஒடியாமல் வளையும், ஒரு பிடி இலையை அழுத்தி விட்டால் உருண்டையாகவே நிற்கும், புல் வாசனை போய்ப் பழ வாசனை எட்டிப்பார்க்கும்.

தவறு நடப்பதும் இங்கேதான். ஜனவரியின் வறண்ட காற்றில் எட்டு மணி நேரத்திலேயே எடை இறங்கிவிடும். எடை சரிதானே என்று சுருட்டினால் டீயில் வாசனை இருக்காது. தண்ணீர் போவது ஒரு வேலை, இலைக்குள் வாசனை உருவாவது இன்னொரு வேலை. இரண்டாவதற்கு நேரம் வேண்டும். அப்படிப்பட்ட நாளில் ஜன்னலைச் சாத்தி, இலையைக் கொஞ்சம் கனமாகப் பரப்பி, நேரத்தை இழுத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் இதற்கு நேர் எதிர். காற்றே ஈரமாக இருந்தால் எத்தனை மணி நேரம் ஆனாலும் வாடாது, இலை முறிந்து கறுக்கும். மின்விசிறியோடு இளஞ்சூடான காற்று வேண்டும், ஆனால் 35 டிகிரியைத் தாண்டக் கூடாது. விறகடுப்புப் புகை அந்த அறைக்குள் துளியும் வரக் கூடாது. சமையலறைக்குப் பக்கத்து அறையில் வாட்டிய டீயில் தாளிப்பு வாசனை வந்தால் அதை எடுக்க வழியே கிடையாது.

சுருட்டுவதைக் கையால் செய்யலாம். மூங்கில் பாயில் ஒரு கிலோ வாடிய இலையை வைத்து, சப்பாத்தி மாவு உருட்டுவதுபோல ஒரே திசையில். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்தவே கூடாது. பிறகு ஐந்து நிமிடம் அழுத்தி, கட்டிகளை உதறி, ஆறவிட்டு, மறுபடி ஐந்து நிமிடம். மொத்தம் 30 முதல் 45 நிமிடம். கையில் சாறு பிசுபிசுக்க வேண்டும், சொட்டக் கூடாது. தொடக்கத்திலேயே அழுத்தினால் இலை சுருளாமல் உடையும். உடைந்தது தூள், தூளுக்கு ஸ்பெஷாலிட்டி விலை கிடைக்காது.

அடுத்தது ஃபேக்டரியில் ஃபெர்மென்டேஷன் என்று சொல்வது. உண்மையில் புளிப்பதில்லை, வெட்டிய ஆப்பிள் சிவப்பதுபோல இலைச் சாறு காற்றோடு சேர்ந்து நிறம் மாறுகிறது. சுருட்டிய இலையை 3 முதல் 5 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, 20 முதல் 26 டிகிரி சூட்டில், ஈரத்துணி தொங்கவிட்டு ஈரப்பதத்தை 90 சதவீதத்துக்கு மேல் வைத்திருங்கள். துணி இலையைத் தொட வேண்டாம். நேரத்தைச் சுருட்டத் தொடங்கியதிலிருந்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரம் ஆனதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பச்சை வாடை போய், பழுத்த வாசனை உச்சத்துக்கு வந்து, அது இறங்கத் தொடங்கும் முன் ஓவனுக்குப் போக வேண்டும். சீக்கிரம் எடுத்தால் கசப்பும் பச்சை வாடையும் நிற்கும். தாமதித்தால் நிறம் இருக்கும், சுவையில் உயிர் இருக்காது. இந்த நேரத்தில் கரண்ட் போனால் அன்றைய சரக்கு போச்சு. ஜெனரேட்டரோ கேஸ் ஓவனோ இல்லாமல் தொடங்காதீர்கள்.

உலர்த்துவதில் இரண்டு கட்டம். முதலில் 95 முதல் 100 டிகிரியில், மெல்லிய அடுக்காக, பத்துப் பதினைந்து நிமிடம். நிறமாற்றத்தை நிறுத்துவது இந்தச் சூடுதான். அரை மணி நேரம் வெளியே ஆறவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் மேலே வரும். பிறகு 80 முதல் 85 டிகிரியில் ஈரம் 3 சதவீதத்துக்கு இறங்கும்வரை. இணையத்தில் பார்த்து, பழம் உலர்த்தும் பெட்டியை 60 டிகிரியில் வைத்து உலர்த்துபவர்கள் நிறைய. அந்தச் சூட்டில் இலை மணிக்கணக்கில் வெந்துகொண்டே நிறம் மாறும். அவித்த சுவைதான் மிஞ்சும். மறுபக்கம், அவசரப்பட்டு 130 டிகிரியில் போட்டால் வெளித்தோல் இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும். பாக்கெட் போடும்போது மொறுமொறுவென்று இருக்கும், இரண்டு மாதத்தில் பூஞ்சை வாடை வரும். சரிபார்க்க: 10 கிராம் டீயை 103 டிகிரி ஓவனில் ஆறு மணி நேரம் வைத்து எடை போடுங்கள். 9.7 கிராம் இருந்தால் ஈரம் 3 சதவீதம். சாதாரணத் தராசில் இது தெரியாது, 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு ஒன்று வேண்டும்.

10 கிலோ கொழுந்திலிருந்து 2.2 கிலோவுக்குச் சற்று மேல் டீ வரும். குச்சியும் தூளும் பொறுக்கிய பின் 2 கிலோ என்று கணக்கு வையுங்கள்.

கிரீன் டீக்கு வாட்டல் அதிகம் வேண்டாம், பறித்த அன்றே 40 முதல் 60 வினாடி ஆவி காட்டி உடனே ஃபேன் காற்றில் ஆறவிட வேண்டும். ஆவி போதாவிட்டால் காம்பு சிவக்கும், ஆறவிடத் தாமதித்தால் இலை மஞ்சளாகும். பெரிய இலை கொண்ட அஸ்ஸாம் வகைச் செடியில் கிரீன் டீ கசக்கும். ஒயிட் டீ எளிது என்பார்கள், ஏனென்றால் சுருட்டல் இல்லை. கொழுத்த மொட்டுகளை மட்டும் இரண்டு மூன்று நாள் வாட்டி 45, 50 டிகிரியில் உலர்த்துவது. ஆனால் ஒரு ஆள் நாள் முழுவதும் பறித்தாலும் மொட்டு சில நூறு கிராம்தான் தேறும், அந்தச் சுற்றில் மற்ற இலையும் போச்சு. ஊலாங் (பாதி நிறம் மாறியதும் நிறுத்திவிடும் டீ) இன்னும் சில வருடம் கழித்து.

ஒவ்வொரு தொகுதியையும் (ஒரு தடவையில் செய்த டீயை) ஒரே முறையில் ருசி பாருங்கள்: 100 மில்லி கொதித்த தண்ணீருக்கு 2 கிராம், ஆறு நிமிடம், பால் சர்க்கரை இல்லாமல், வெள்ளைக் கோப்பையில். ஆறிய பிறகும் குடித்துப் பாருங்கள், குறை அப்போதுதான் தெரியும். ஒரு நோட்டில் தேதி, எந்தப் பாத்தி, பறித்த நேரம், பச்சை எடை, வாடிய எடை, சுருட்டத் தொடங்கிய நேரம், ஓவனுக்குப் போன நேரம், கடைசி எடை, ருசி. முதல் வருடம் செய்வதில் கால்வாசியை விற்க முடியாது என்று இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள். சுமாராக வந்ததை நல்லதோடு கலந்து தேற்றலாம் என்று தோன்றும். கலக்காதீர்கள், இரண்டும் கெடும். வீட்டில் பால் டீ போட்டுக் குடித்துவிடலாம்.

சூடு ஆறிய பிறகே பாக்கெட் போட வேண்டும். உள்ளே அலுமினியப் படலம் உள்ள பை, சீல் சரியாக இருக்க வேண்டும். நீலகிரியின் மழைக்காலத்தில் திறந்து வைத்த டீ சில நாட்களிலேயே ஈரம் இழுத்து வாசனை இழக்கும். இன்னொன்று: ஊட்டிக் கடைகளில் நீலகிரித் தைலமும் டீயும் ஒரே அலமாரியில் இருக்கும். டீ எல்லா வாசனையையும் உறிஞ்சும். அப்படிப்பட்ட கடைக்குச் சரக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

காகிதங்கள். சிறு விவசாயியாகத் தேயிலை வாரியத்தில் பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அதற்குப் பட்டா சிட்டா தேவைப்படும். நிலம் தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ இருந்தால் இதிலேயே மாதக்கணக்கில் போகும், எனவே டீ செய்யக் கற்றுக்கொள்ளும்போதே இதையும் தொடங்கிவிடுங்கள். நாளுக்கு 500 கிலோ டீக்கு உட்பட்ட உற்பத்திக்கு மினி ஃபேக்டரி என்ற பிரிவு உண்டு, விவரத்துக்கு வாரியத்தின் குன்னூர் அலுவலகம். உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஒரு பாக்கெட்கூட விற்கக் கூடாது. பாக்கெட்டில் பதிவு எண், நிகர எடை, எம்.ஆர்.பி, தொகுதி எண், பாக்கெட் போட்ட தேதி, எதுவரை பயன்படுத்தலாம், முகவரி, பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். பச்சைக் கொழுந்துக்கு ஜி.எஸ்.டி இல்லை, செய்த டீக்கு 5 சதவீதம். ஆர்கானிக் என்று சான்று இல்லாமல் எழுதாதீர்கள். தேயிலை போன்ற நீண்டகாலப் பயிருக்கு மாறும் காலமே மூன்று வருடம்.

விலை போடும்போது வீட்டு இலையை இலவசமாகக் கணக்கிடுவதுதான் குடும்பத் தொழிலைக் கவிழ்க்கும் தவறு. ஒரு உதாரணத்துக்கு: கூலி 500 ரூபாய், கையால் நல்ல கொழுந்து நாளுக்கு 12 கிலோ என்று வைத்தால், பறிகூலி மட்டும் கிலோவுக்குச் சுமார் 42 ரூபாய். ஒரு கிலோ டீக்கு 5 கிலோ கொழுந்து, ஆக 210 ரூபாய் அங்கேயே போயிற்று. இதற்கு மேல் இலைக்கான விலை, கேஸ், பை, கூரியர், கழித்துப் போட்ட தொகுதிகள், செய்தவரின் உழைப்பு. பறிப்பது அம்மாவாக இருந்தாலும் அந்தக் கூலி கணக்கில் ஏற வேண்டும். டீ தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, தோட்டத்திடமிருந்து கொழுந்தைக் காசு கொடுத்து வாங்குவதுபோல எழுதுங்கள், ஃபேக்டரி விலையைவிடக் கூட. சித்தப்பாவின் பங்கு நிலத்திலிருந்து கொழுந்து வந்தால் அவருக்கும் அதே விலை, அன்றே. பாகம் பிரிக்காத நிலத்தில் லாபம் வந்த பிறகு பங்கு பேசினால் டீ நின்றுவிடும், பேச்சு நிற்காது.

இனி மெஷின். ஒரே பாத்தியில் மூன்று தொகுதி அடுத்தடுத்து ஒரே ருசியில் வந்து, ஆர்டர் மாதம் பத்துக் கிலோவைத் தாண்டிக் கை வலிக்கத் தொடங்கினால் வாங்கலாம். முதலில் ட்ரையர், அதற்குப் பிறகே ரோலர். கையால் சுருட்டிவிடலாம், கையால் உலர்த்த முடியாது. ட்ரையரில் விறகுச் சூடு குழாய்க்குள்தான் போக வேண்டும். வாங்கும் முன் காலி தட்டோடு ஒரு மணி நேரம் ஓட்டி, வெளிவரும் காற்றை முகர்ந்து பாருங்கள், புகை வாடை இருந்தால் குழாய் ஒழுகுகிறது. ஒவ்வொரு மூலையிலும் தெர்மாமீட்டர் வையுங்கள், பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் வேண்டாம். ரோலர் ஒரு தடவைக்கு 5 முதல் 15 கிலோ வாடிய இலை கொள்வது போதும். பெரியதை வாங்கி அதில் பாதி போட்டால் இலை சுருளாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள்.